ஆட்ட விதிக்கு அதிபதி இல்லை

ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தவனே அதன் விதிகளுக்கும் உரிமையாளன் என்றும், அவனது அனுமதியைப் பெறாமல் அதே விதிகளின்படி வேறொரு விளையாட்டை அமைத்து வெளியிடுகிறவன் திருடனே என்றும் ஓர் அபிப்பிராயம், படித்தவர்கள் நடுவில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல வழங்கி வருகிறது. உழைத்தவனுக்கு உழைப்பின் பலன் சேரவேண்டும் என்ற தர்ம உணர்ச்சியிலிருந்து அது பிறந்திருப்பதால், அதைக் கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றுகிறது; நானும் பல ஆண்டுகள் தலையசைத்தவனே. ஆனால் அந்த அபிப்பிராயம் நம் நாட்டுச் சட்டத்துக்கும் பொருந்தாது, விளையாட்டுகளின் சரித்திரத்துக்கும் பொருந்தாது, எந்தச் சிருஷ்டிகர்த்தாவைக் காப்பதாகச் சொல்கிறதோ அவனுக்கே முதலில் கேடு செய்வது என்று இப்போது தீர்மானமாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கான காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியவர் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் உள்ள பலமனேரைச் சேர்ந்த ஓர் இளைஞர். பெங்களூரில் உத்தியோகம், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நாலைந்து தோழர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டை நடத்துவார். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் அந்த வகைக்கு மூலம். நம் இளைஞர் அந்நிய தேசத்துக் கோட்டைகளையும் பறவை நாகங்களையும் விட்டுவிட்டு, பாளையக்காரர் காலத்தில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு கௌண்டின்ய வனத்தின் ஓரமாகக் குடியாத்தத்துக்குக் கணவாய் இறங்கும் வண்டிக்காரர்களின் கதையாக ஒரு விளையாட்டைத் தாமே தெலுங்கிலும் தமிழிலும் எழுதினார். யானை மறிக்கும் இடமும், சுங்கம் கேட்கும் காவலும், மாடு படுத்துவிடும் மேடும் அதில் உண்டு. எண்பது பக்கம் எழுதியபின், விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், “இருபது முகப் பகடையை உருட்டி, திறமை எண்ணைக் கூட்டிப் பார்க்கிற விதி கம்பெனிக்குச் சொந்தம், வெளியிட்டால் நோட்டீஸ் வரும்” என்றாராம். எழுதிய நோட்டுப் புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. கேஸ் எதுவும் வராமலே ஒரு நல்ல முயற்சி முடங்கியது. இப்படி எத்தனை நோட்டுகள் எத்தனை பெட்டிகளில் கிடக்கின்றனவோ என்ற எண்ணமே என்னை வருத்துகிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இலக்கியம், நாடகம், இசை, கலை ஆகியவற்றின் படைப்புகளையும், சினிமாப் படத்தையும், ஒலிப்பதிவையும் காக்கிறது. ஆடும் முறை அந்த வரிசையில் இல்லை. பதிப்புரிமை இல்லாவிட்டால் காப்புரிமையாவது கிடைக்குமா என்றால், 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் தன் மூன்றாம் பிரிவில், எவை கண்டுபிடிப்பாகக் கருதப்படமாட்டா என்று சொல்லும் பட்டியலில், விளையாட்டை ஆடும் முறையையும் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. உலக வர்த்தகத்தை ஒட்டி 1994-இல் ஏற்பட்ட அறிவுச்சொத்து உடன்படிக்கையும், பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கே உரியது, கருத்துகளுக்கும் செயல்முறைகளுக்கும் கணிதக் கோட்பாடுகளுக்கும் உரியதன்று என்றே வரம்பு கட்டியிருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் இதை 1978-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் சென்னைக் குடும்பம் ஒன்றும் அண்டை வீட்டில் வாழ, அவர்கள் பிள்ளைகள் காதலிப்பதைச் சொல்லும் தம் நாடகத்தை ‘நியூ டில்லி’ என்ற சினிமா திருடிவிட்டது என்று ஆர். ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், மாகாணப் பற்றின் கேட்டைச் சொல்லும் கரு எவருக்கும் தனியுடைமை ஆகாது, அதை ஒருவர் சொல்லிய விதமே அவருடையது என்று தீர்ப்பாயிற்று.

இது நாடகத்தைப் பற்றியது, விளையாட்டைப் பற்றியதன்று என்பார்களானால், விளையாட்டைப் பற்றிய வழக்கும் உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் இருவர், ஆங்கில எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ‘ஸ்கிராபிள்’ ஆட்டத்தைக் கணிப்பொறியில் ஆடும்படி அமைத்து, ‘ஸ்கிராபுலஸ்’ என்று பெயரிட்டு, ஃபேஸ்புக் வழியாக உலகெங்கும் பரப்பினார்கள். அந்த ஆட்டத்தின் உரிமையை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே வைத்திருந்த மாட்டெல் கம்பெனி டில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, பெயரும் எங்களுடையது, பலகையும் எங்களுடையது, விதிகளும் எங்களுடையவை என்று வாதாடித் தடை கேட்டது. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி ரவீந்திர பட் இடைக்கால மனுவின்மீது அளித்த தீர்ப்பு இரண்டு பாகமாகப் பிரிந்தது. பெயர் விஷயத்தில் கம்பெனி வென்றது; வணிகச் சின்னத்தோடு குழம்பும்படியான பெயரைச் சகோதரர்கள் விட்டுவிட வேண்டியதாயிற்று; ஆட்டம் ‘லெக்சுலஸ்’ ஆயிற்று. ஆனால் பதிப்புரிமையைக் காட்டிப் பலகைக்கும் ஆட்ட முறைக்கும் கேட்ட தடையை நீதிமன்றம் தர மறுத்தது. ஒரு கருத்தைச் சொல்ல ஒன்றிரண்டு வழிகளே இருக்குமானால், அவ்வழிகளைப் பூட்டுவது கருத்தையே பூட்டுவதாகும் என்பதே அதன் நியாயம். நம் நண்பரை அச்சுறுத்திய பெரியவர் இத்தீர்ப்பின் முதற்பாதியை மட்டும் எங்கேயோ கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் இப்படி வரம்பு கட்டியதன் நியாயத்தைப் புரிந்துகொள்ள நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை. பலமனேரின் குயவர் வீடுகளுக்குப் போனால் போதும். சுடுமண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஒரு குயவர் தம் கைவிரல் அழுந்திய சுவட்டோடு ஒரு யானையைச் செய்து வைத்தால், அந்த யானை அவருடையது. அதை அச்சடித்தாற்போல இன்னொருவர் எடுத்துச் செய்து விற்பது தவறு. ஆனால் மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் ஏற்றித் துதிக்கையைத் தனியே உருட்டி ஒட்டிச் சூளையில் வைக்கிற வித்தை அடுத்த வீட்டுக்காரருக்கும் உரியது, அவர் பேரனுக்கும் உரியது. யானையின் உடைமையையும் யானை செய்யும் வித்தையின் உடைமையையும் ஒன்றாக்குகிறவர், ஒரு குயவரைக் காப்பதாகச் சொல்லித் தெரு முழுவதிலும் சக்கரத்தை நிறுத்துகிறவர் ஆவார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. அதை மறைக்காமல் எடுத்துச் சொல்வது என் கடமை. ஸ்கிராபிள் போன்றவற்றின் விதிகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் விதி நூலோ முந்நூறு பக்கம் ஓடுகிறது. அதில் உலகங்கள், குலங்கள், தெய்வங்கள், மந்திரங்கள் எல்லாம் விதியோடு விதியாகப் பின்னிக் கிடக்கின்றன. எனவே அங்கே விதியே இலக்கியம், இலக்கியமே விதி. நூல் காக்கப்படுமானால் விதியும் காக்கப்பட வேண்டும் என்பது அந்த வாதம். பார்வைக்குப் பலமாகவே இருக்கிறது. ஆயினும் முந்நூறு பக்கத்தையும் பிரித்துப் பார்த்தால், ஒரு பக்கம் வர்ணனைகளும் பெயர்களும் சித்திரங்களும் குவிகின்றன. அவை ஆசிரியரின் சொத்து. மறுபக்கம் எஞ்சுவது, இத்தனை பகடை உருட்டு, இந்த எண்ணைக் கூட்டு, அந்த எண்ணை எட்டினால் காரியம் ஜெயம் என்கிற கட்டளைகள்.

அந்தக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பாத்திரத்தின் பலத்தை நிர்ணயிக்க ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டுவது பழைய வழக்கம். மூன்று பகடைகள் விழும் விதங்கள் 216. அவற்றில் கூட்டுத்தொகை பத்தாக வருவன 27. பதினெட்டாக வருவது ஒன்றே ஒன்று. சாமானியர் பலராகவும் பீமசேனர் அபூர்வமாகவும் பிறப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். இந்தக் கணக்கைச் செய்தது எந்தக் கம்பெனி? அதைக் கவனித்துப் பயன்படுத்திய கூர்மைக்குக் கைகாக்ஸுக்கும் ஆர்னிசனுக்கும் மரியாதை உண்டு, என்றும் செலுத்துவேன். ஆனால் மரியாதை வேறு, பட்டா வேறு.

விதியும் நூலும் பின்னிக் கிடக்கின்றன என்ற இதே வாதம் 1879-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்துவிட்டது. செல்டன் என்பவர் புதியதொரு கணக்கெழுதும் முறையை விளக்கி, அதற்குரிய பத்திகளை வரைந்து காட்டி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். பேக்கர் என்பவர் அதே முறைக்கு வேறு விதமாகப் பத்தி பிரித்து நூல் செய்தார். நூலின் விளக்கம் செல்டனுக்கே உரியது, ஆனால் நூல் கற்பிக்கும் முறை கற்றுக்கொண்ட எல்லாருக்கும் உரியது என்று நீதிமன்றம் சொல்லிற்று. பாத்திர விளையாட்டுக்கு மிக அருகில் வரும் வழக்கு ஒன்று 2016-இல் டெக்சாஸில் தீர்ந்தது. ஷெரீப் ஒருவரைத் தவிர மற்றவர்களில் யார் அவர் துணைவர், யார் கொள்ளைக்காரர் என்று மறைத்து ஆடும் ‘பேங்’ என்ற இத்தாலியச் சீட்டாட்டத்தின் அமைப்பை அப்படியே எடுத்து, அமெரிக்க மேற்கு நாட்டுக்குப் பதிலாகச் சீனத்து மூவேந்தர் காலத்து அரசனையும் மந்திரியையும் கலகக்காரனையும் வைத்து வெளியிட்ட ஆட்டம், பதிப்புரிமையை மீறவில்லை என்பதே தீர்ப்பு. பாத்திரங்களின் செயல் ஒற்றுமை ஆட்ட முறையைச் சார்ந்தது. ஆட்ட முறைக்குப் பாதுகாப்பில்லை.

சரித்திரமோ சட்டத்தைவிட உரக்கப் பேசுகிறது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகாயத்திலிருந்து விழவில்லை. கைகாக்ஸ் 1971-இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப் படைப் போர் விளையாட்டு அதற்கு முன்னோடி. அவ்வகைப் போர் விளையாட்டுகளுக்கு எச். ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய சிறு நூல் ஒரு முன்னோடி. அதற்கும் முன்பே 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்கு ரைஸ்விட்ஸ் அமைத்துக் கொடுத்த போர் விளையாட்டு இருந்தது. அதற்கும் முன்னர், 1780-இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் சதுரங்கப் பலகையை விரித்துப் பெரிதாக்கி, காடும் ஆறும் சேர்த்து, படைவகுப்புகளை நகர்த்தி ஆடும்படி செய்தார். சதுரங்கம் எங்கிருந்து போயிற்று என்பதை நான் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையை அறுபத்துநான்கு கட்டத்தில் நிறுத்தியவனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவன் வம்சத்தார் ஒவ்வொரு தலைமுறையிலும் வாயிலில் நின்று உரிமைத்தொகை வசூலித்திருந்தால், பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் அந்த ஆட்டம் போயிருக்காது. ஹெல்விக்கின் கைக்குப் பலகை கிடைத்திருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் கலை பிறந்தே இருக்காது. தனக்கு முன்னிருந்த எல்லாரிடமும் இரந்து பெற்ற ஒன்றைத் தனக்குப் பின்வருபவர் எவருக்கும் தரமாட்டேன் என்று சொல்வதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது?

விளையாட்டின் விதி என்பது உண்மையில் என்ன என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பலமனேரில் ஒரு திண்ணையில் கற்றேன். கரித்துண்டால் தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறி, நான்கு சோழிகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூதாட்டிகள் அஷ்டா சம்மா ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு சோழியும் வாய் மேலாக விழுந்தால் சம்மா, அதாவது நான்கு. நான்கும் கவிழ்ந்தால் அஷ்டா, எட்டு. இரண்டுக்கும் மறு ஆட்டம் உண்டு. குடியாத்தத்திலிருந்து உறவாக வந்திருந்தவர் அதைத் தாயம் என்றே சொன்னார். ஆட்டம் முறுகிய நேரத்தில் அவர் கையமர்த்தி, “எங்க ஊர்ல ஒரு வெட்டாவது வெட்டினாத்தான் உள்கட்டத்துக்கு வழி, அக்கா” என்றார். வீட்டுக்கார அம்மாள் சிறிது யோசித்து, “எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லம்மா. சரி, இன்னைக்கு உங்க ஊர் ஆட்டம் ஆடுவோம், நாளைக்கு எங்க ஊர் ஆட்டம்” என்று சொல்லிவிட்டுச் சோழியைக் குலுக்கினார்.

விதி எப்போது விதியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தச் சாஸ்திரத்திலும் நான் காணவில்லை. ஆடுகிற இருவரும் ஒப்புக்கொண்டபோது அது விதியாகிறது. இருவரும் கைவிட்டபோது அது விதியல்லாமல் போகிறது. கவிதையை எழுதியவன் எழுதி முடித்தவுடன் கவிதை முழுமை பெற்றுவிடுகிறது. வாசிக்க ஆளில்லாவிட்டாலும் அது கவிதையே. ஆட்ட விதியோ தாளில் கிடக்கும்வரை வெறும் யோசனை. ஆடுவோரின் சம்மதத்தாலும் கையசைவாலும் மட்டுமே உயிர் பெறுவது. அதன் உயிரைத் தருகிறவர்கள் ஆடுவோர். அவர்களுக்கில்லாத உடைமை மற்றவர்க்கு எங்கிருந்து வரும்? விதியைச் சொந்தம் கொண்டாடுவது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையைச் சொந்தம் கொண்டாடுவதே ஆகும்.

பலமனேர் பழைய வட ஆற்காட்டின் பகுதியாக இருந்து, 1911-இல் சித்தூர் மாவட்டம் ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. பிறகு ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960-இல் திருத்தணி ஆந்திரப் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை முறை எல்லைக்கல் நட்டுப் பிடுங்கியும், மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்துமூன்று புள்ளிகளில் மோதும் ஆட்டம் ஒருபுறம் புலிஜூதம் என்றும் மறுபுறம் ஆடுபுலி என்றும் பெயர் பெற்று இரு பக்கமும் ஆடப்பட்டே வருகிறது. நிலத்துக்கு எல்லை உண்டு. ஆட்டத்துக்கு எவரும் எல்லைக்கல் நட்டதில்லை, அதனாலேயே அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

உரிமை இல்லாவிட்டால் எவன் புதிதாகச் சிருஷ்டிப்பான் என்று கேட்பார்கள். அனுபவம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளின்மேல் உறுதியான உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை; அப்படியிருந்தும் அதுவே அவ்வகையில் உலகிலேயே பெரிய பெயராக வளர்ந்தது. அதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி 2000-ஆம் ஆண்டில் தானாகவே திறந்த உரிமம் ஒன்றை அளித்து மற்றவர்களும் அதன்மேல் கட்டலாம் என்றது, கட்டினார்கள், கம்பெனியும் செழித்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கக் கம்பெனி முயல்வது வெளியே தெரிந்ததும் ஆடுவோரிடையே கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு, அதே மாத முடிவுக்குள் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பைப் பொது உரிமத்தின்கீழ் எவரும் மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டது. நம் இளைஞரை அச்சுறுத்திய பெரியவருக்கு இந்தச் செய்தி எட்டவில்லை.

சிறிய சிருஷ்டிகர்த்தாவின் ஆட்டத்தைப் பெரிய கம்பெனி நகலெடுத்துக்கொள்ளுமே என்ற கவலை எனக்கும் உண்டு. அது இரக்கத்தில் பிறந்த கவலை. ஆனால் விதிகளுக்குப் பட்டா கொடுக்கும் நாள் வந்தால், அந்த அலுவலகத்தின் வாயிலில் முதல் வரிசையில் நிற்பவர் யார்? பகடையைக் கூட்டுவது, சீட்டை மறைப்பது, முறைவைத்து நகர்வது எல்லாவற்றுக்கும் ஐம்பது வக்கீல்களை வைத்துப் பட்டா வாங்கக்கூடியவரே முதலில் நிற்பார். பலமனேரின் எண்பது பக்க நோட்டுக்காரர் டில்லிக்கு ரயிலேறி வழக்காட முடியுமா? ஏழையைக் காக்க எழுப்பும் வேலி ஏழையின் வயலுக்குக் குறுக்கேயே விழும்.

இவ்வளவும் சொன்னதனால், பிறர் நூலைப் பிரதியெடுத்து விற்கலாம் என்றோ, விலை கொடுக்காமல் கணிப்பொறியில் பரப்பலாம் என்றோ நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். விதி நூலின் வாக்கியங்களும் சித்திரங்களும் கதைமாந்தரும் ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நம் சட்டத்தால் காக்கப்படுகின்றன. வணிகப் பெயரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து என்றென்றும் வைத்திருக்கலாம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’கூடத் தன் தொடக்கப் பதிப்பில் டோல்கீனின் நாவல்களிலிருந்து எடுத்த ‘ஹாபிட்’ என்ற பெயரை ஆட்சேபம் வந்ததும் விட்டுவிட்டது. பெயர் போயிற்று, ஆட்டம் நின்றது. டெட்ரிஸ் என்னும் கணிப்பொறி ஆட்டத்தின் தோற்றத்தையே அச்சாகப் பின்பற்றிய கம்பெனி 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. அதுவும் சரியான தீர்ப்பே. காக்கவேண்டியதைச் சட்டம் காக்கிறது. திறந்துவிட வேண்டியதைத் திறந்துவிடுகிறது. நாம்தான் பயத்தினால் இரண்டையும் கலந்துவிட்டோம்.

ஆகவே பெட்டிக்குள் நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கும் அந்த நண்பருக்கும், அவரைப் போன்றவர்கள் எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். பிறருடைய வாக்கியத்தை எடுக்காதீர்கள். பிறருடைய படத்தை எடுக்காதீர்கள். பிறருடைய பெயரை உங்கள் அட்டையில் போடாதீர்கள். ஆட்டத்தின் முறையை உங்கள் சொந்தச் சொல்லில், உங்கள் ஊர்ப் பாஷையில் எழுதுங்கள். வண்டி கணவாய் இறங்கட்டும், யானை மறிக்கட்டும், பகடை உருளட்டும். அதற்கு நீங்கள் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.